உஷார்! தலையில் அடிபட்ட பிள்ளை எழுந்து நிற்கிறானே என்று விட்டுவிடாதீர்கள்

மயக்கம் போடவில்லை, ரத்தம் வரவில்லை, அதனால் ஒன்றுமில்லை. இப்படித்தானே நினைக்கிறோம்? தப்பு! வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே மூளை அதிர்ந்திருக்கலாம். அப்படி அடிபட்ட பலருக்கு நினைவு தப்புவதே இல்லை.

ஆஸ்திரேலியாவின் பெரிய ரக்பி வீரர் ஒருவர். 2000-இல் அறிமுகமாகி, 110 டெஸ்ட் ஆடி ஓய்ந்தவர். 2013-இல் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணியுடனான தொடரின் கடைசி ஆட்டத்துக்கு அவரை மறுபடி அழைத்தார்கள். ஜூலை 6, சிட்னி. தொடங்கிய சில நிமிடங்களிலேயே எதிரணி வீரருடன் தலையோடு தலை மோதி விழுந்தார். இருபுறமும் ஆள் பிடித்துக்கொள்ள, கால் தரையில் பாவாமல் தள்ளாடிக்கொண்டே வெளியே போனார். இனி வரமாட்டார் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

வந்தார்! தலையில் அடிபட்டவர் மறுபடி ஆடலாமா என்று பார்க்க அப்போதிருந்த ஐந்து நிமிடச் சோதனையில் தேறிவிட்டாராம்.

அதுவே அவருடைய கடைசி டெஸ்ட். ஆஸ்திரேலியா 41-16 என்று தோற்றது, அது போகட்டும். தள்ளாடிய மனிதரை எப்படி உள்ளே விட்டீர்கள் என்ற கேள்விதான் பெரிய சர்ச்சையானது. அந்த ஐந்து நிமிடச் சோதனையே ஆபத்து என்று சொல்லி, சர்வதேச ரக்பி வாரியத்தின் மருத்துவ ஆலோசகர் டாக்டர் பேரி ஓ'டிரிஸ்கால் 2012-லேயே பதவி விலகியிருந்தார். கேட்டார்களா?

அந்த வீரர் பிழைத்தார். 2011-இல் வட அயர்லாந்தில் பள்ளி ரக்பி ஆடிய 14 வயதுப் பையன் பிழைக்கவில்லை. அடிபட்டும் ஆடினான், மறுபடி அடி. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொன்று விழுந்தால் மூளை மளமளவென்று வீங்கிவிடலாம். இளம் பிள்ளைகளின் உயிரையே அது வாங்கிவிடலாம்.

கபடியோ கால்பந்தோ, எதில் அடிபட்டாலும் கவனியுங்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறானா? ஸ்கோர் தெரியாமல் விழிக்கிறானா? வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறதா? காரணமில்லாமல் அழுகை, எரிச்சலா? ஒன்று இருந்தாலும் போதும், அன்றைக்கு ஆட்டம் கிடையாது. டாக்டரிடம் காட்டுங்கள். "நான் நல்லாத்தான் இருக்கேம்மா" என்று கெஞ்சுவான். நம்பாதீர்கள்! அதைச் சொல்வதும் அடிபட்ட அதே மூளைதான்.

தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாகத் தெரிந்தாலோ, எழுப்பியும் எழாமல் தூங்கினாலோ, உடனே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி உட்கார வைக்கவே கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை அசையாமல் அப்படியே படுத்திருக்கட்டும்.