கிணறு வற்றினால் மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச்: எதை வாங்குவது?

கிணற்றில் நீர் வற்றிய பிறகும் மோட்டார் ஓடினால் அது கெட்டுவிடும் என்பது விவசாயிகள் அறிந்ததே. நீர்மூழ்கி மோட்டாரின் சூட்டைத் தணிப்பது அதைச் சுற்றியுள்ள தண்ணீர்தான். உள்ளே சுழலும் பாகங்களுக்கு எண்ணெய் போல உதவுவதும் தண்ணீரே. தண்ணீரின்றி ஓடினால் சிறிது நேரத்திலேயே புஷ் தேய்ந்து, காயில் கருகும் நிலை ஏற்படுகிறது. மோட்டாரை மேலே தூக்கிக் காயில் கட்டி இறக்கும் செலவு ஒருபுறம் இருக்க, கதிர் பிடிக்கும் பருவத்தில் பாய்ச்சல் தவறினால் வரும் நஷ்டம் அதைவிடப் பெரிது.

மின்சாரம் வந்ததும் தானாகவே மோட்டாரை ஓட்டும் ஆட்டோ ஸ்விட்சைப் பலர் பொருத்தியுள்ளனர். மின்சாரம் வந்ததை அது அறியுமே தவிர, கிணற்றில் தண்ணீர் உள்ளதா என்பதை அறியாது. ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே இருக்கிறதே என்று நம்பியிருப்பதும் தவறு. அது ஆம்பியர் கூடினால்தான் வேலை செய்யும். தண்ணீரின்றி ஓடும் பம்பில் ஆம்பியர் குறைகிறது.

ஆலைகளில் இதற்கு ஒரு வழி உண்டு. கிரேனின் கொக்கி உச்சியை எட்டியதும், அங்குள்ள 'லிமிட் ஸ்விட்ச்' மின்சாரத்தைத் துண்டித்து அதை நிறுத்திவிடும். அதே வேலையைத் தண்ணீர் மட்டத்தை வைத்துச் செய்பவைதான் மிதவை ஸ்விட்சும் அதன் இனத்தைச் சேர்ந்தவையும்.

மூன்று வகைகள்

1. மிதவை ஸ்விட்ச்: கேபிளின் நுனியில் உள்ள பிளாஸ்டிக் மிதவை நீரோடு ஏறி இறங்கும்போது உள்ளிருக்கும் ஸ்விட்ச் இணைந்தும் பிரிந்தும் வேலை செய்யும். விலை குறைவு. அகலமான திறந்தவெளிக் கிணற்றுக்கும் தொட்டிக்கும் ஏற்றது. மிதவை தடையின்றிப் புரள இடம் வேண்டும். குழாயிலோ கயிற்றிலோ சிக்கினால் பயனில்லை. ஆழ்துளைக் கிணற்றுக்கு இது உதவாது.

2. மின்முனை வகை: துருப்பிடிக்காத எஃகு முனைகள் மூன்றை வெவ்வேறு ஆழத்தில் தொங்கவிட வேண்டும். தண்ணீர் வழியே செல்லும் சிறு மின்சாரத்தைக் கொண்டு நீர் மட்டத்தை மேலே உள்ள பெட்டி அறிந்துகொள்ளும். ஆழ்துளைக் கிணற்றில் குழாயோடு சேர்த்துக் கட்டி இறக்கலாம். உப்புத் தண்ணீரில் முனைகளில் படிவு சேரும். அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும்.

3. ஆம்பியர் குறைவை உணரும் ரிலே: கிணற்றுக்குள் எந்த ஒயரும் தேவையில்லை. ஸ்டார்ட்டர் பக்கத்திலேயே இருந்து, ஆம்பியர் குறைந்ததும் மோட்டாரை நிறுத்தும். மிக ஆழமான கிணறுகளுக்கு இது வசதி. தண்ணீர் முழு அளவில் வரும்போது உள்ள ஆம்பியரையும், தண்ணீர் நிற்கும்போது உள்ள ஆம்பியரையும் எலக்ட்ரீஷியன் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் இடையில் ரிலேயை அமைக்க வேண்டும். ஊற்று ஊறும்வரை மோட்டாரை மீண்டும் ஓட விடாத 'டைமர்' உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

மோட்டார் மின்சாரம் மிதவை வழியே செல்லக் கூடாது

5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் ஏறக்குறைய 7 முதல் 8 ஆம்பியர் வரை எடுக்கும். கிளம்பும் நேரத்தில் அதைப் போல் 5, 6 மடங்கு எடுக்கும். சிறு மிதவை ஸ்விட்ச் இதைத் தாங்காது. ஆகையால் மிதவை ஸ்விட்ச் ஸ்டார்ட்டருக்குக் கட்டளை இடுவதோடு நிற்க வேண்டும். மோட்டாரை ஓட்டுவதும் நிறுத்துவதும் ஸ்டார்ட்டரின் வேலை.

இங்கேதான் பெரிய ஆபத்து ஒன்று உள்ளது. விவசாய ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் உள்ளிருக்கும் காயில் 415 வோல்ட்டில் இயங்குகிறது. மிதவையின் ஒயரை இந்தக் காயிலோடு நேரடியாக இணைத்தால், 415 வோல்ட் மின்சாரம் கிணற்றுத் தண்ணீர்வரை இறங்குகிறது. குளிக்கவும் தூர் வாரவும் ஆட்கள் இறங்கும் கிணறு அது. கேபிள் தோல் ஓரிடத்தில் உரிந்தாலும் உயிருக்கு ஆபத்து. மேலும், கடையில் கிடைக்கும் மிதவைகள் பெரும்பாலும் 250 வோல்ட்டுக்கே செய்யப்பட்டவை. எனவே, மிதவைக்கு 12 அல்லது 24 வோல்ட் மட்டும் அனுப்பும் டிரான்ஸ்பார்மரும் ரிலேயும் கொண்ட பெட்டியையும் சேர்த்து வாங்க வேண்டும். இந்தச் செலவை மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஒயர் அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும்

எலி கடித்தோ, கல் விழுந்தோ ஒயர் அறுபடலாம். அப்போது மோட்டார் ஓடாமல் நிற்பதே சரியான அமைப்பு. நின்றால் நாம் போய்ப் பார்ப்போம். ஓடிக்கொண்டே இருந்தால் கருகிய பிறகே தெரியும்.

பல மிதவைகளில் மூன்று ஒயர்கள் உள்ளன. ஒன்று பொது, ஒன்று தொட்டியை நிரப்ப, ஒன்று கிணற்றை இறைக்க. கிணற்றில் நீர் உள்ளபோது இணைந்தும், வற்றியதும் பிரிந்தும் இருக்குமாறு இணைக்க வேண்டும். தொட்டியில் நிரம்பியதும் பிரியுமாறு இணைக்க வேண்டும். ஒயரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூட வரும் தாளைப் பார்த்தே இணைக்கவும்.

மின்முனை வகையில் ஒரு வேறுபாடு உண்டு. கிணற்றில் அதன் ஒயர் அறுந்தால், தண்ணீர் இல்லை என்று கருதி மோட்டார் நின்றுவிடும், இது நல்லது. தொட்டியில் அறுந்தாலோ, தொட்டி காலி என்று கருதி மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே தொட்டிக்கு மிதவையே மேல்.

நிறுத்தும் மட்டமும் ஓட்டும் மட்டமும்

புட்வால்வுக்கு மேல் 3 அடித் தண்ணீர் இருக்கும்போதே மோட்டார் நிற்பது நல்லது. மீண்டும் ஓடத் தொடங்கும் மட்டம் அதற்குப் போதிய அளவு மேலே இருக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் மோட்டார் அடிக்கடி கிளம்பி நின்று சூடேறும். 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் 1 அடித் தண்ணீர் என்பது சுமார் 8,900 லிட்டர். நிமிடத்துக்கு 500 லிட்டர் இறைக்கும் பம்புக்கு அது 18 நிமிட வேலை. 3 அடி இடைவெளி விட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடும். 5 அடிக்கு 5 அடித் தொட்டியிலோ 1 அடி என்பது சுமார் 700 லிட்டர்தான். ஒன்றரை நிமிடத்தில் நிரம்பிவிடும். எனவே தொட்டியில் இடைவெளியை இயன்றவரை கூட்டி வைக்கவும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

தண்ணீரிலேயே கிடக்கும் மிதவையில் 'ஐ.பி. 68' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கவும். 'ஐ.பி. 67' என்பது சிறிது நேரம் மூழ்கினால் தாங்கக்கூடியது என்றே பொருள். கேபிளைத் தேவைக்கு மேல் நீளமாக வாங்கவும். தண்ணீருக்குள் ஒட்டுப் போடவே கூடாது. பெட்டிக்கு எர்த் இணைப்பு அவசியம்.

பொருத்தி முடித்ததும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒரு சோதனை செய்யவும். மெயினை அணைத்துவிட்டு, பெட்டியில் மிதவை ஒயர் ஒன்றைக் கழற்றி நுனியில் டேப் சுற்றிய பின் மெயினைப் போடவும். மோட்டார் ஓடக் கூடாது. ஓடினால் இணைப்பு தவறு. உடனே மாற்றச் சொல்லவும். கோடை தொடங்குமுன் ஆண்டுதோறும் இச்சோதனையைச் செய்வது நலம்.

எந்த ஸ்விட்ச் பொருத்தியிருந்தாலும், கிணற்றில் ஆள் இறங்குமுன் மெயினை அணைத்து ப்யூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டோ ஸ்விட்ச் உள்ள கிணறுகளில் இது மிக முக்கியம்.