ரயில் வந்துடுச்சு... பஸ் எங்கேப்பா?

சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், விடிகாலையில் மதுரை. அதுவரை ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டமெல்லாம் அதற்கப்புறம் மாட்டுத்தாவணி வரைக்கும் இருக்கும் ஆறேழு கிலோமீட்டரில்தான்!

ஜங்ஷன் வாசலில் கால் வைத்ததுமே, “சார், மாட்டுத்தாவணியா?” என்று நாலு பேர் நம் பெட்டியின் கைப்பிடியைப் பங்கு போட்டுக் கொள்வார்கள். போன மாதம் ஒருவர் சொன்ன ரேட்டைக் கேட்டு, “ஏண்ணே, மெட்ராஸ்லருந்தே இவ்வளவுக்குத்தான் வந்தேன்” என்றேன்.

“அது கவர்மென்ட் வண்டி தம்பி. இது என் வண்டி!”

நியாயம்தானே?

1875-ல் மதுரைக்கு ரயில் வந்தது. ஸ்டேஷனுக்கு எதிரேயே மங்கம்மாள் சத்திரம். ராணி காலமாகி நூற்றெழுபது வருஷம் கழித்து வந்த ரயில் பயணிக்கும் படுக்க இடம் ரெடி! வெளியூர் பஸ்களும் அந்தப் பக்கத்திலேயே கிடைத்த காலம் உண்டு. 1999-ல் மாட்டுத்தாவணி பஸ் நிலையம் வந்ததும் பெரும்பாலானவை அங்கே போயின. தேனி, கோவை பஸ்களுக்கு ஆரப்பாளையம். ஊருக்குள் நெரிசல் குறைய அது வேண்டியதுதான். ஆனால் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இருந்த உறவை அறுத்துவிட்டு, பதிலுக்கு எதையும் வைக்கவில்லை.

டவுன் பஸ்ஸுக்குப் பெரியார் நிலையம் இருக்கிறதே என்பீர்கள். 2021-ல் புதிதாகக் கட்டித் திறந்தார்கள், பார்க்க ஜோர்தான். நடக்கிற தூரம்தான். முழங்கால் வலிக்கிற அம்மா ஒரு கையிலும் மூட்டை இன்னொரு கையிலுமாக அந்த வாகன வெள்ளத்தை நீந்திப் பாருங்கள், தெரியும்!

இதில் அதிகம் அவஸ்தைப்படுவது என்னைப் போன்ற ஆபீஸ் ஆசாமி இல்லை. போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பரோடு நின்றது. அகலப்பாதையாகி மறுபடி தேனி வரை ஓட 2022 மே 26 ஆயிற்று. போடியைத் தொட 2023. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி ஜனங்கள் அத்தனை வருஷம் காத்திருந்து பெற்ற ரயில். அதில் வைத்தியத்துக்கு வருகிறவர், ஜங்ஷனில் இறங்கி ராஜாஜி ஆஸ்பத்திரி போக ஆட்டோவுக்குக் கொடுப்பது ரயில் டிக்கெட்டைப் போல எத்தனை மடங்கு!

அதே மே 26-ல்தான் மதுரை ஸ்டேஷனைப் புதுப்பிக்கவும் அடிக்கல் நாட்டினார்கள். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டர் மெட்ரோ வந்தால் ஜங்ஷனும் மாட்டுத்தாவணியும் ஒரே கோட்டில் சேரும் என்று நம்பியிருந்தோம். ஜனத்தொகை இருபது லட்சம் இல்லை என்று 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. (சித்திரைத் திருவிழாவன்று வந்து எண்ணியிருக்கலாம்!)

மெட்ரோ வருகிறபோது வரட்டும். பாண்டியன் வரும் நேரம் அச்சடித்தே இருக்கிறது. அந்த நேரத்துக்கு மாட்டுத்தாவணிக்கு இரண்டு, ஆரப்பாளையத்துக்கு ஒன்று, ஆஸ்பத்திரி வழியாக ஒன்று என நாலு டவுன் பஸ்ஸை ஸ்டேஷன் வாசலிலேயே நிறுத்தக் கோடிக் கணக்கில் செலவாகுமா? ரயில் லேட் என்றால் பஸ்ஸும் நிற்கட்டும். கூடவே, பெரியார் நிலையத்துக்கு ரோட்டைக் கடக்காமல் போக, மூட்டையோடும் நடக்க முடிகிற மாதிரி கூரை போட்ட பாதை ஒன்று.

ஆட்டோ அண்ணன்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம். பஸ் நுழையாத எங்கள் சந்துக்கு நீங்கள்தான் வரவேண்டும். ரேட்டை மட்டும் உட்கார்ந்து பேசிக்கொள்வோம்ணே!