பின்வளவில் மூன்று பேடுகள்

ஊரில் கோழி வளர்ப்பதற்கு எவரும் கட்டுரை வாசித்ததில்லை. பழைய கடகத்தில் மணல் பரப்பி அடைக்கோழியை இருத்தினோம். இருபத்தொரு நாளில் குஞ்சு வந்தது. கறையான் புற்றை வெட்டிக் குஞ்சுகளுக்குப் போட்டோம். பகல் முழுவதும் வளவில் மேய்ந்த கோழிகள் பொழுதுபட்டதும் கூட்டுக்கோ முருங்கை மரத்துக்கோ தாமாகவே போய்ச் சேர்ந்தன. கீரிக்கும் பருந்துக்கும் தப்பியது எங்கள் பங்கு.

அந்த நினைப்போடுதான் லூயிஷாமில் நாங்களும் தொடங்கினோம். வாடகை வீட்டின் பின்னால் ஒரு துண்டு நிலம். பிள்ளைகளுக்கு ஆசை. அறையை விட்டு வெளியே வராத அம்மாவுக்கும் ஒரு பராக்காக இருக்கும் என்று நினைத்தோம். மலிவாக வாங்கிய பலகைக் கூட்டைச் சுற்றி மெல்லிய கோழிவலை அடித்து, மூன்று பேடுகளை விட்டோம். பதினோராம் நாள் காலை வலை கிழிந்து கிடந்தது. இறகுதான் மிச்சம். "ஊரிலை கீரி, இஞ்சை நரி" என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பவும் அறைக்குள் போய்விட்டார்.

மறுபடி தொடங்க ஆறு மாதம் எடுத்தது. அந்த ஆறு மாதத்தில் விசாரித்தும் வாசித்தும் அறிந்தவற்றை, புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்குப் பயன்படும் என்று இங்கே தருகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கோழி வளர்ப்பது வெள்ளைக்காரருக்கு ஒவ்வாத காரியம் என்று எம்மவர் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த நாட்டில் ஒருவருக்கு வாரம் ஒரு முட்டைதான் பங்கீடு. வீட்டில் கோழி வளர்த்தவர்கள் அந்தப் பங்கீட்டை விட்டுக்கொடுத்து, பதிலுக்குக் கோழித்தீனி பெற்றார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் வளவுக் கோழிகள் எங்களுக்குக் கைகொடுத்தது போலத்தான்.

1950 ஆம் ஆண்டின் தோட்டக்காணிச் சட்டத்தின் 12 ஆம் பிரிவு, வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், வியாபாரம் அல்லாமல் வீட்டுத் தேவைக்குப் பேட்டுக்கோழி வளர்க்க இடமளிக்கிறது. அயலவருக்குத் தொல்லையோ சுகாதாரக் கேடோ வரக்கூடாது என்பது நிபந்தனை. சேவலுக்கு அந்த உரிமை இல்லை. அதிகாலையில் கூவும் சேவலைப் பற்றி முறைப்பாடு போனால் கவுன்சில் நடவடிக்கை எடுக்கலாம். முட்டை இடுவதற்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க மட்டுமே தேவை. ஆகவே சேவல் ஆசையை விட்டுவிடுங்கள்.

சட்டம் இடம் தந்தாலும், வீட்டுச் சொந்தக்காரரிடமோ கவுன்சிலிடமோ முன்கூட்டியே எழுத்தில் கேட்பது நல்லது. எங்கள் நிலையில் சட்டத்தில் வெல்வதை விட வீட்டில் நிம்மதியாக இருப்பது பெரிது. மாடிக் குடியிருப்புகளின் பொதுத் தோட்டத்தில் கேளாமல் கூடு வைக்க வேண்டாம்.

இன்னொன்று. 2024 ஒக்ரோபர் 1 ஆம் திகதி முதல் இங்கிலாந்தில் ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிய வேண்டும். கோழி வந்து ஒரு மாதத்துக்குள் பதியுங்கள். பணம் எதுவும் கட்டத் தேவையில்லை. பறவைக் காய்ச்சல் பரவினால் உங்களுக்கு அறிவிப்பதற்கே இந்த ஏற்பாடு.

நரியை நினைத்துக் கூடு கட்டுங்கள்

இலண்டன் நரி காட்டு நரி அல்ல. எங்கள் தெருவிலேயே குட்டி போட்டு, எங்கள் மதிலிலேயே நடந்து திரிகிறது. குட்டிகளுக்கு இரை தேடும் வசந்த காலத்தில் பட்டப்பகலிலும் வரும். கூட்டுக்குள் புகுந்தால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகாது, எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

நாங்கள் விட்ட பிழை வலையில். மெல்லிய அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும். நரியை வெளியே வைத்திருக்காது. சந்திகளில் ஒட்டுப்போட்ட தடித்த சதுரக் கம்பிவலையே வேண்டும். நரி நிலத்தைத் தோண்டும். ஆகவே வலையை 30 சென்ரிமீற்றராவது மண்ணுக்குள் இறக்குங்கள். அல்லது கூட்டைச் சுற்றி அரை மீற்றர் அகலத்துக்கு நிலத்தில் விரித்து, மேலே கல் வையுங்கள். கதவுக்குக் கொளுக்கி போதாது. நல்ல தாழ்ப்பாள் போடுங்கள். பொழுதுபட்டதும் மூடுவதற்கு ஒருவரைப் பொறுப்பாக நியமியுங்கள்.

மேய்ச்சல் அடைப்புக்கு மேலே தகரமோ கண்ணாடித் தகடோ போட்டுக் கூரையிடுங்கள். 2022 நவம்பரிலிருந்து 2023 ஏப்ரல் வரை, பறவைக் காய்ச்சல் காரணமாக இங்கிலாந்து முழுவதும் வீட்டுக் கோழிகளையும் உள்ளே அடைத்து வைக்கும்படி அரசு கட்டளையிட்டது. கூரை இருந்தால் அப்படியான காலத்திலும் கோழிகள் கால் நீட்டி நடக்கலாம்.

கோழி ஒன்றுக்கு அடைப்பில் இரண்டு சதுர மீற்றர் கொடுக்கப் பாருங்கள். உறங்கும் தடியில் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ரிமீற்றர் வேண்டும். முட்டையிட மூன்று நான்கு கோழிக்கு ஒரு பெட்டி போதும். தடி பெட்டியை விட உயரமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளேயே படுத்து அசுத்தமாக்கும். மேற்பக்கம் காற்றோட்டம் வேண்டும். கோழிக்குக் குளிரை விட ஈரம்தான் எதிரி. கூட்டை நிலத்திலிருந்து ஓர் அடி உயர்த்தினால் எலி அடியில் குடியிருக்காது.

எந்தக் கோழி, எங்கே?

கோழி தனியே வாழாது. குறைந்தது மூன்று வாங்குங்கள். முட்டையிடத் தொடங்கும் வயதுப் பேடு, அதாவது பதினாறு முதல் இருபது வாரம், புதியவர்களுக்கு வசதி. 2005 இல் தொடங்கப்பட்ட பிரித்தானியக் கோழி நலன் அறக்கட்டளை, பண்ணைகள் கழித்துவிடும் சுமார் ஒன்றரை வயதுப் பேடுகளை வீடுகளுக்குக் கொடுக்கிறது. வரும்போது இறகு உதிர்ந்து பரிதாபமாக இருக்கும். சில மாதத்தில் தேறி, முட்டையும் இடும். எங்கள் இரண்டாவது மூன்றும் அப்படி வந்தவைதான்.

மிஞ்சிய சோறு போடலாமா?

கூடாது! இதைக் கேட்டால் எம்மவர் சிரிப்பார்கள். ஆனால் குசினிக்குள் போய் வந்த உணவைக் கோழிக்குப் போடுவது இங்கே சட்டவிரோதம். 2001 இல் ஆடு மாடுகளுக்குக் கோமாரி பரவியபின் இந்த விதிகள் இறுகின. இறைச்சி, மீன், பால் எதுவும் சமைக்காத வீட்டுக்கு மட்டும் விலக்கு. தோட்டத்திலிருந்து நேரே பறித்த கீரையைப் போடலாம்.

முட்டைக் கோழிக்கான தீனி நாளொன்றுக்கு ஒன்றுக்குச் சுமார் 120 கிராம் செல்லும். ஓட்டுக்குச் சிப்பித் தூளும், அரைப்பதற்குக் குறுணிக் கல்லும், எந்நேரமும் சுத்தமான தண்ணீரும் வேண்டும். இரவில் தீனியை வெளியே விட்டால் எலிக்கு அழைப்பிதழ் அனுப்பியது போலாகும்.

கவனிக்க வேண்டிய மூன்று

முதலாவது, ஈயம். லூயிஷாமின் பழைய வீடுகளின் சன்னல் பூச்சில் ஈயம் இருக்கலாம். உதிர்ந்த துகளைக் கோழி கொத்தினால் அது முட்டைக்குள் வரும். சிறுபிள்ளைகளுக்கு அது கேடு. சுவரோரம் கூடு வைக்காதீர்கள்.

இரண்டாவது, சிவப்புச் செள். பகலில் பலகை இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும். இரவில் விளக்கோடு தடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, கை கழுவுதல். கோழியைத் தொட்ட பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

மாரியில் முட்டை இல்லையே?

பயப்பட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் டிசம்பரிலும் பகல் பதினொன்றரை மணித்தியாலம். இலண்டனில் எட்டு மணித்தியாலமும் வராது. பகல் குறுகினால் பேடு முட்டையை நிறுத்தி, பழைய இறகைக் கழித்துப் புதிது போடும். வெளிச்சம் திரும்ப முட்டையும் திரும்பும். எங்கள் பேடுகள் மார்கழி முழுவதும் ஒரு முட்டையும் இடவில்லை. மாசி கடைசியில் ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடித்தது அம்மாதான்.

காலையில் கதவு திறப்பதும் மாலையில் எண்ணி மூடுவதும் இப்போது அவருடைய வேலை. வேலிக்கு அப்பால் இருக்கும் வயதான வெள்ளைக்கார அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு முட்டை போகிறது. இருவருக்கும் பொதுவான பாஷை இல்லை. ஆனாலும் வேலியோரம் கதை நடக்கிறது. ஒருநாள் நாங்கள் வீடு திரும்பப் பிந்தியபோது, கூடு மூடியிருக்கிறதா என்று வந்து பார்த்தவரும் அவரே.

நீங்களும் தொடங்குவதானால் முதலில் வலையை வாங்குங்கள். பேடுகளைப் பிறகு பார்க்கலாம்.