தோல்விக் கோஷ்டியில் ஒரு மாவீரர்

1980ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரிலுள்ள சூப்பர்டோம் அரங்கிலே ஒரு விசித்திரக் காட்சி. ஆட்டம் பார்க்க வந்த இரசிகர்கள் கடதாசிப் பைகளைத் தலையிலே கவிழ்த்து, கண்களுக்கு மட்டும் துவாரமிட்டு அமர்ந்திருந்தனர். சொந்த ஊர்க் கோஷ்டியை ஆதரிப்பது அவ்வளவு வெட்கமாகிவிட்டது! 'செயின்ற்ஸ்' என்னும் அக்கோஷ்டி அவ்வருடம் ஆடிய 16 ஆட்டங்களில் வென்றது ஒன்றே ஒன்று. அதன் நடுநாயகமாக நின்றவரோ ஆர்ச்சி மானிங் என்னும் அபார ஆட்டக்காரர்.

அமெரிக்க உதைபந்தாட்டம் நாமறிந்த உதைபந்தாட்டமன்று. பெயரிலேதான் உதை, பந்து பெரும்பாலும் கையிலேதான். பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் பக்கத்தார் நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் தூரமாவது முன்னேற வேண்டும். குவார்ட்டர்பாக் எனப்படுபவர் பந்தைப் பெற்று, ஓடுபவரிடம் கொடுப்பார். அல்லது தொலைவிலே விரையும் தோழருக்கு எறிவார். எறிவதற்கு அவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடிகளே. அவ்விநாடிகளைச் சம்பாதித்துக் கொடுப்பவர்கள் அவர் முன்னே மதில்போல் நிற்கும் ஐவர். அந்த மதில் சரிந்தால், எறிபவர் எத்தகைய மேதையாயினும் பந்தும் கையுமாகத் தரையிலே வீழவேண்டியதே.

மானிங்கின் கதையும் இதுவேயாம். மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்திலே அவர் ஈட்டிய புகழ் சாமானியமன்று. அவர் அணிந்த இலக்கம் 18; அதனை நினைவுகூர்ந்து அவ்வளாகத்தில் வாகனங்களுக்கு மணிக்கு 18 மைல் என வேக எல்லை விதித்திருக்கிறார்கள்! 1971இல், நாட்டின் கல்லூரி வீரர்களுள் இரண்டாமவராகத் தெரிந்தெடுக்கப்பட்டுச் செயின்ற்ஸ் கோஷ்டியிற் சேர்ந்தார். முதலாட்டத்திலேயே லொஸ் ஏஞ்சல்ஸ் கோஷ்டிக்கெதிராக, இறுதி முயற்சியிலே தாமே பந்துடன் பாய்ந்து, 24-20 என வெற்றி தேடிக்கொடுத்தார். ஊர் ஆனந்தக் கூத்தாடியது.

அக்களிப்பு நிலைக்கவில்லை. முன்வரிசை பலவீனம், பயிற்றுநர்களோ அடிக்கடி மாறினர். எறிவதற்கு நின்றவர் உயிருக்கு ஓடுபவரைப்போல ஓடலானார். தோளிலே சத்திரசிகிச்சை செய்துகொண்டமையால் 1976 முழுவதும் ஆடவில்லை. ஓய்வு பெற்ற 1984ஆம் ஆண்டிலும், மினசோட்டாக் கோஷ்டிக்காக ஆடுகையில், சிக்காகோ வீரர்கள் ஒரே ஆட்டத்தில் 11 தடவை அவரை வீழ்த்தினர். அவர் தொடக்க வீரராக இறங்கிய ஆட்டங்களுள் வெற்றி 35, தோல்வி 101, சமநிலை 3. வெற்றிகள் தோல்விகளை விஞ்சிய பருவம் ஒன்றேனும் அவர் கோஷ்டிக்கு வாய்க்கவில்லை.

அவர் எறிந்த பந்துகளில் 173ஐ எதிரிகள் பறித்தனரே, அது யார் குற்றம் என்று கேட்போருமுளர். நியாயமான கேள்விதான், எல்லாப் பழியையும் பிறர் தலையிற் சுமத்துவது எமது நோக்கமன்று. ஆயினும், பின்தங்கிய கோஷ்டி எறிந்தே தீரவேண்டும். அதை அறிந்த எதிரியும் ஆயத்தமாகக் காத்து நிற்பான். இத்தனைக்கும் நடுவிலே 1978, 1979ஆம் ஆண்டுகளில் நட்சத்திர வீரர்களின் காட்சியாட்டத்துக்கு அவர் தெரிவு செய்யப்பட்டாரென்றால், அவர் திறமையை என்னென்பது!

அவருடைய புதல்வர்களான பீற்றனும் ஈலையும் பிற்காலத்தில் ஆளுக்கிரண்டு முறை தேசிய மகுடம் சூடினர். செயின்ற்ஸ் கோஷ்டியும் 2010 பெப்ரவரியில் முதன்முறையாக அம்மகுடத்தைப் பெற்றது. அன்றைய இறுதியாட்டத்தில் செயின்ற்ஸ் வீரரொருவர் எதிரியின் பந்தைப் பறித்து 74 யார் ஓடி வெற்றியை உறுதி செய்தார். அப்பந்தை எறிந்தவர் ஆர்ச்சியின் மகன் பீற்றன்.