ஒன்பது சென்ட் இடமும் ஒரு மாலை நேரமும்

கல்லூரிகளுக்கு இடையிலான வாலிபால் போட்டிகளில் உத்திரமேரூர் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் ஆடும் அணி முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினால், "பசங்களுக்கு அக்கறை இல்லை, எந்நேரமும் செல்போன்" என்று பேசுகிறோம். அதே பிள்ளைகள்தான் பொங்கலுக்கும் அம்பேத்கர் பிறந்தநாளுக்கும் ஊரில் நடக்கும் போட்டிகளில் விடிய விடிய ஆடுகிறார்கள். அக்கறையில் குறையில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

வாலிபாலைத் தனியாகப் பழக முடியாது. ஓட்டக்காரர் விடியற்காலையில் ஏரிக்கரையில் தனியே ஓடிப் பழகலாம். வாலிபாலுக்கு ஆறு பேரும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்க வேண்டும். செட்டர் தூக்கிக் கொடுக்கும் பந்தும், அதை அடிப்பவர் எழும்பும் நொடியும் மாதக்கணக்கில் சேர்ந்து ஆடினால்தான் கூடிவரும்.

அந்தப் பொது நேரம்தான் நம் பிள்ளைகளிடம் இல்லை. ஒருவர் கல்லூரி விட்டதும் ஊருக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறார். விட்டால் அடுத்த பேருந்து எப்போது வரும் என்று தெரியாது. இன்னொருவர் ஒரகடம் பக்கம் கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாக இரவு ஷிப்டுக்குப் போகிறார். மற்றொருவருக்குச் சனி, ஞாயிறு என்றால் பெயின்ட் வேலை. கல்வி உதவித்தொகை தாமதமாகும்போது, முதலில் நின்றுபோவது பயிற்சிதான். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் சிரமம். 2021 முதல் நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. ஆனால் இருட்டிய பிறகு பேருந்து வந்தால்தானே ஏற முடியும்?

அடுத்தது சோறு. அரசு விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவருக்கான உணவுப்படி 2023-ல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. உயர்த்தியதை வரவேற்கிறோம். ஆனாலும் நாளொன்றுக்கு 50 ரூபாய், அதில் மூன்று வேளை. தினமும் நூறு முறை எம்பிக் குதிக்கும் உடம்புக்கு இது போதுமா? 2025-ல் இவ்விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் வந்தது. அந்த நீதி தட்டிலும் தெரிய வேண்டும். உணவும் தங்குமிடமும் கொடுத்து வீரர்களைச் சேர்க்கும் தனியார் பல்கலைக்கழக அணிகளோடுதான் நம் பிள்ளைகள் மோத வேண்டியிருக்கிறது.

பிறகு இடம். வாலிபால் களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். சுற்றிலும் 3 மீட்டர் விட்டாலும் ஒன்பது சென்ட் போதும். அந்த ஒன்பது சென்ட்கூடப் பல சேரிகளில் இல்லை. உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டை உலகமே புகழ்கிறது. பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அது, வரி கட்டும் கால்வேலி நிலமும் சொந்த மனையும் வேதப்படிப்பும் உள்ளவர் பெயரைத்தான் குடத்தில் போடச் சொன்னது. நிலமற்றவர் அன்று சபைக்கு வெளியே நின்றார். அவர் பேரப்பிள்ளைகள் இன்று பந்தோடு, ஆட இடமின்றி நிற்கிறார்கள். 1892-ல் நம் மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் கைமாறிப் போனதும் இதே கணக்கில்தான் சேரும்.

விளையாட்டுதானே என்று விட்டுவிட முடியாது. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயும் வங்கிகளும் வாலிபால் அணிகள் வைத்திருக்கின்றன. கல்லூரி அணியில் தெரிந்தால்தான் பல்கலைக்கழக அணி. அதன் பிறகே அந்த வேலைகளின் வாசல். முதல் சுற்றில் தோற்கும்போது கோப்பை மட்டும் போவதில்லை, ஒரு குடும்பத்தின் முதல் அரசுச் சம்பளமும் தள்ளிப்போகிறது. மணத்தி கணேசன் கபடியில் அர்ஜுனா விருதுவரை போனார். அவர் வாழ்க்கையைத் தழுவிய 'பைசன்' படத்துக்குக் கைதட்டினோம். அந்தக் கைதட்டலோடு நம் வேலை முடிந்துவிடாது.

அடுத்த கிராம சபைக்குப் போவோம். ஊராட்சிக்கு வந்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பில் இருக்கும் பந்தும் வலையும் எங்கே, அறைச் சாவி யாரிடம் என்று கேட்போம். சேரியை ஒட்டிய புறம்போக்கில் ஒன்பது சென்ட் ஒதுக்கத் தீர்மானம் கேட்போம். பயிற்சி முடியும் நேரத்துக்கு ஒரு பேருந்து, அணியில் உள்ள விடுதி மாணவருக்குக் கூடுதலாக முட்டையும் பாலும் கேட்டு மனு எழுதுவோம். மாணவர்களே, மனுவை நீங்களே எழுதுங்கள். கையெழுத்துப் போட ஊர் வரும்.