நாலாம் எண்ணில் மட்டும் காற்று

ஏர்கோன் விசிறியின் திருகு சுவிட்சை ஒன்றில் வைத்தால் காற்று இல்லை. இரண்டிலும் மூன்றிலும் இல்லை. நாலுக்குத் திருகியதும் முகத்தில் அறைகிற மாதிரி வீசுகிறது. பொந்தியான் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்கும் அன்னாசிக் காட்டுக்கும் ஓடித் தேய்ந்த பழைய பிக்கப் ஒன்று இந்தக் குறையோடு பட்டறைக்கு வந்தால், அனுபவமுள்ள போர்மேன் டேஷ்போர்டைத் தொடாமலே சொல்லிவிடுவார்: "ரெசிஸ்டர் போயிருக்கு, அண்ணே."

அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். புதிய ரெசிஸ்டரை மாட்டியதும் நான்கு வேகமும் திரும்பிவிடும். ஆனால் அது ஏன் போனது என்று கேட்காமல் வண்டியை வெளியே விட்டால், கொஞ்ச நாளில் அதே வண்டி அதே குறையோடு வந்து நிற்கும். இரண்டாம் முறை வரும்போது சாக்கெட்டும் கருகியிருக்கும். எரிந்த பாகம் குற்றவாளி அல்ல, அடி வாங்கிய பாகம். அடித்தது யார் என்று கண்டுபிடிப்பதுதான் பழுதுபார்ப்பு.

நம் மலேசிய வண்டிகளில் புளோவர், இடப்பக்கம் பயணி காலுக்கு மேலே, கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். ஒரு டிசி மோட்டார், அதன் தண்டில் குறுகிய தகடுகளால் ஆன ஓர் உருளை விசிறி, அவ்வளவுதான். வெளிக்காற்றையோ உள்காற்றையோ ஃபில்டர் வழியாக இழுத்து, கூலிங் காயில் மேல் தள்ளி, நம் முகத்துக்கு அனுப்புகிறது. முழு வேகத்தில் 15 முதல் 20 ஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கும். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து இழுப்பதைவிட இது அதிகம்.

வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் மோட்டாருக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்க வேண்டும். திருகு சுவிட்ச் உள்ள வண்டிகளில் இந்த வேலையைச் செய்வது ரெசிஸ்டர். ஒன்றாம் எண்ணில் 4 ஆம்பியர் ஓடுகிறது, பேட்டரி தரும் 13 வோல்ட்டில் 9 வோல்ட்டை ரெசிஸ்டரே விழுங்கிவிடுகிறது என்று வையுங்கள். பெருக்கினால் 36 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் கையில் பிடித்திருக்கும் சால்டரிங் அயர்னின் சூடு ஏறக்குறைய இதுதான். ஆக, காரோட்டி 'மெதுவாக ஓடட்டும்' என்று ஒன்றில் வைத்திருக்கும்போது, டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் சுவர்களுக்கு நடுவே ஒரு சால்டரிங் அயர்ன் விடாமல் எரிந்துகொண்டிருக்கிறது. அது உருகிப் போகாமல் இருப்பதற்கு ஒரே காரணம், வடிவமைத்தவர்கள் அதைப் புளோவரின் காற்றோட்டத்திலேயே நிறுத்தி வைத்திருப்பதுதான். விசிறி ஓடும் வரை ரெசிஸ்டர் ஆறிக்கொண்டிருக்கும். சூடு எல்லை மீறினால் அதன் மேலுள்ள வெப்ப பியூஸ் அறுந்துவிடும். அறுந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று மூன்றுமே சாகும். நாலாம் எண்ணுக்கு மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேரே போவதால் அது மட்டும் பிழைக்கும்.

அப்படியானால் ரெசிஸ்டர் சாக முக்கியமாக இரண்டு வழிகள்: ஆற்றும் காற்று குறைய வேண்டும், அல்லது ஓடும் ஆம்பியர் கூட வேண்டும். பொந்தியானில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

இந்த மாவட்டத்தின் பெரும்பரப்பு, தானா கம்புட் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் கரிமண். அன்னாசிக்கு உகந்த மண் அது. பெக்கான் நானாஸ் ஊருக்குப் பெயரே அன்னாசியால் வந்தது. மழையில் சேறாகும் அந்த மண், வெயிலில் காய்ந்தால் மாவுபோல் பறக்கும். தோட்டத்துச் செம்மண் சாலைத் தூசி அதோடு சேரும். 1997, 2015, 2019 ஆண்டுகளில் வந்ததுபோல் புகைமூட்டம் வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். ஃபில்டர் கறுத்துக் கெட்டியாகிவிடும். சில பழைய மாடல்களில் இந்த ஃபில்டரே கிடையாது. அப்போது தூசி எல்லாம் ஈரமான கூலிங் காயிலில் போய் அப்பிக்கொள்ளும். மேற்கே மலாக்கா நீரிணை. குக்குப், பெனுட் பக்கத்து உப்புக் காற்று செம்பு முனைகளில் பச்சைக் களிம்பை ஏற்றும். செம்பனைத் தோட்டம் என்றால் எலி உண்டு. அதற்காகவே தோட்டங்களில் கம்பம் நட்டு ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைக்கிறார்கள். மரத்தடியில் நிற்கும் வண்டியின் காற்று நுழையும் வாயில், எலிக்குக் காய்ந்த, இருட்டான, பாதுகாப்பான வீடு. அங்கே அது கூடு கட்டினால் காற்று வழி அடைபடும்.

இங்கே விசிறியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழுதைக் கண்டுபிடிக்கும் சாவி அதில் இருக்கிறது. பெல்ஃபாஸ்ட் பக்கத்துச் சாமுவேல் கிளிலண்ட் டேவிட்சன் என்பவர் 1864இல் இந்தியாவின் கச்சார் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். அந்தக் காலத்தில் தேயிலையைக் கரி நெருப்பின் மேல் வைத்துத்தான் உலர்த்துவார்கள். சூடான காற்றைச் செலுத்தி உலர்த்தும் இயந்திரங்களை அவர் வடிவமைத்தார். 1881இல் பெல்ஃபாஸ்ட்டில் சிராக்கோ தொழிற்கூடத்தைத் தொடங்கினார். உலர்த்திக்கு நல்ல விசிறி தேடப் போய், 1890களின் இறுதியில், முன்பக்கம் வளைந்த குறுகிய தகடுகள் பல கொண்ட உருளை விசிறியை உருவாக்கினார். சின்ன உடம்பு, நிறையக் காற்று. இன்று டேஷ்போர்டுக்குள் ஓடுவது அந்தக் குடும்பத்து விசிறியே. இலங்கை மலையகத்தில் நம்மவர்கள் கொழுந்து கொண்டுபோய்க் கொட்டிய தொழிற்சாலைகளிலும் சிராக்கோ உலர்த்திகள் ஓடின. தோட்டத்துக்காகப் பிறந்த விசிறி, தோட்டத்து பிக்கப்பில் இன்னும் உழைக்கிறது என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

இந்த வகை விசிறிக்கு ஒரு குணம். எவ்வளவு காற்றைத் தள்ளுகிறதோ அவ்வளவுதான் அதற்குச் சுமை. வழியை அடைத்தால் மோட்டார் திணறும் என்று நாம் நினைப்போம். நடப்பது நேர்மாறு. தள்ளக் காற்று இல்லாததால் விசிறி இலேசாகி, இன்னும் வேகமாகச் சுற்றும், சத்தம் கீச்சென்று உயரும், ஆம்பியர் குறையும். மாறாக, பேரிங் இறுகிப்போனாலோ, மோட்டாருக்குள் தண்ணீர் போய்த் துரு பிடித்தாலோ விசிறி மெதுவாகும், ஆம்பியர் ஏறும்.

அதனால் வயரைச் சுற்றிக் கவ்வும் டிசி கிளாம்ப் மீட்டர் ஒன்று இருந்தால் போதும், இரண்டு குற்றவாளிகளையும் பிரித்துவிடலாம். புளோவரை நாலில் வைத்து, மோட்டாருக்குப் போகும் ஒற்றை வயரை மீட்டரின் வாய்க்குள் விடுங்கள். காற்று குறைவு, சத்தம் அதிகம், ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறைவு என்றால் ஃபில்டரையோ காயிலையோ பாருங்கள். காற்றும் குறைவு, சுற்றும் குறைவு, ஆனால் ஆம்பியர் 20ஐத் தாண்டி நிற்கிறது என்றால் மோட்டாரைக் கழற்றுங்கள். கையால் சுற்றிப் பார்த்தாலே தெரியும். நல்ல மோட்டார் விட்ட பிறகும் இலேசாகச் சுற்றும். கெட்டது பிடித்த இடத்திலேயே நிற்கும். இந்தச் சோதனையைச் செய்யாமல் புது ரெசிஸ்டரை மட்டும் மாட்டுவது, அதையும் எரிக்கக் கொடுப்பதுதான்.

இது வெறும் செலவுக் கணக்கு அல்ல. பிரிட்டனில் வாக்ஸ்ஹால் ஸஃபீரா பி கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பிடித்தன. அப்படி எரிந்த கார்கள் நூற்றுக்கும் மேல். குடும்பமாகப் பயணம் போகும் ஏழு இருக்கை வண்டி அது. பின்னால் குழந்தைகள் உட்கார்ந்திருக்கையில் டேஷ்போர்டிலிருந்து புகை வந்த சம்பவங்கள் உண்டு. தீ தொடங்கிய இடம் இதே புளோவர் ரெசிஸ்டர் பகுதி. தானியங்கி ஏர்கோன் இல்லாத மாடல்களில்தான் இந்தச் சிக்கல். வெப்ப பியூஸ் அறுந்த ரெசிஸ்டர்களைச் சிலர் முறையின்றிப் பழுதுபார்த்திருந்தார்கள் என்று நிறுவனம் முதலில் சொன்னது. 2015 டிசம்பரில் 234,000க்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அதன் பிறகும் தீ நிற்கவில்லை. தண்ணீர் புகுந்து துருவேறிய மோட்டார் இறுகி, ரெசிஸ்டரைச் சூடாக்குகிறது என்பது வெளிவந்தது. 2016இல் மறுபடியும் அழைத்தார்கள். நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு விசாரித்து, நிறுவனம் தாமதித்ததை 2017 அறிக்கையில் கடுமையாகக் கண்டித்தது.

அறுந்த வெப்ப பியூஸின் மேல் ஒரு துண்டு வயரைப் போட்டு ஒட்டிக் கொடுப்பதை நம் ஊரிலும் 'தற்காலிகமாக' என்று செய்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். 30 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறதென்று 40 போடுவதும் அதே தவறுதான். அங்கே எரியப்போவது பியூஸ் அல்ல, வயர்.

சாக்கெட்டையும் கவனிக்க வேண்டும். கருகிய ரெசிஸ்டரைப் பிடுங்கும்போது சாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரே ஒரு முனையைச் சுற்றி மட்டும் தேநீர்க் கறை நிறத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் செம்பு முனை பளபளப்பு இழந்து, பிடிப்புத் தளர்ந்து விரிந்திருக்கும். அந்த இடத்தில் 0.2 ஓம் தடை இருந்தாலே போதும். 15 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும், 45 வாட் சூடு ஓர் ஊசிமுனை இடத்தில் கிளம்பும். புது ரெசிஸ்டரைப் பழைய சாக்கெட்டில் செருகினால் அந்தச் சூடு புதியதையும் தின்னும். சாக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எந்த எண்ணிலுமே காற்று இல்லை என்றால் கதை வேறு. பியூஸ், ரிலே, சுவிட்ச், எர்த் வயர், கடைசியில் மோட்டாரின் கார்பன் பிரஷ் என்று வரிசையாகப் போகலாம். இதில் பலரை ஏமாற்றுவது மல்டிமீட்டர். மோட்டாரின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு அளந்தால் 12 வோல்ட் காட்டும், 'கரண்ட் வருது, மோட்டார் போச்சு' என்று முடிவு கட்டிவிடுவார்கள். மீட்டர் இழுக்கும் மின்சாரம் அற்பம். பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரும் அதற்கு முழு 12ஐக் காட்டும். சாக்கெட்டை மாட்டி, சுவிட்சைப் போட்டு, சுமையோடு அளக்க வேண்டும். எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அப்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் எர்த்தில்.

புளோவர் நன்றாக ஓடும் சத்தம் கேட்கிறது, காற்று மட்டும் மெல்ல மெல்லக் குறைகிறது, வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் சரியாகிவிடுகிறது என்றால் அங்கே புளோவர் பழுதே இல்லை. கூலிங் காயில் பனிக்கட்டியாகிக் காற்றை அடைத்துவிட்டது. நம் கடலோரத்தில் 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் சாதாரணம். அந்தக் காற்றில் 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோர்க்கும். காயிலோ உறைநிலைக்குச் சற்று மேலே நிற்கிறது. அழுக்கு ஃபில்டர் காற்றைக் குறைத்தால் காயில் மேலும் குளிர்ந்து, கோர்த்த நீர் உறைந்துவிடும். நிறுத்தியதும் உருகி வண்டிக்கடியில் ஒழுகும். ஒழுகவே இல்லை, பயணியின் கால்மிதி ஈரமாகிறது என்றால் நீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடையில் இலை நிறைந்து, மழைத்தண்ணீர் புளோவர் பக்கம் இறங்கினாலும் கால்மிதி நனையும். இரண்டுமே புளோவருக்கு ஆபத்து. மோட்டார் துருவேறுவது இப்படித்தான் தொடங்குகிறது.

புளோவர் பழுதை அலட்சியமாக விடமுடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் வரும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் அடைமழையில் வரும்போது, ஈர உடையோடு நான்கு பேர் உள்ளே இருந்தால் கண்ணாடியின் உட்புறம் நிமிடத்தில் மங்கிவிடும். அதைத் தெளிவிப்பது காயில் உலர்த்தி அனுப்பும் காற்றுதான். புளோவர் நின்றால் எதிரே வரும் லோரி தெரியாது.

பாகை எண் காட்டும் தானியங்கி ஏர்கோன் உள்ள புதிய பிக்கப்களில் ரெசிஸ்டருக்குப் பதில், அலுமினியத் தகடுகள் பொருத்திய ஒரு டிரான்சிஸ்டர் தொகுதி இருக்கும். அவற்றில் மிகப் புதியவை மின்சாரத்தை நொடிக்குப் பலமுறை திறந்து மூடி வேகத்தைக் கட்டுப்படுத்துவதால் சூடு குறைவு. விசிறிக்குத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக மாறும். பாதி வேகத்துக்கு எட்டில் ஒரு பங்கு போதும் என்பதால் இந்த முறையில் மிச்சம் நிறைய. இவற்றின் பழுது முகம் வேறு. தொகுதி செத்தால் எந்த வேகமும் வராது, அல்லது சாவியை எடுக்கும் வரை முழு வேகத்திலேயே ஓடும். ஆனால் தொகுதியைக் கொல்வது அதே இறுகிய மோட்டாரும் அதே உப்புப் பூத்த சாக்கெட்டும்தான். ஆகவே கிளாம்ப் மீட்டர் சோதனை இங்கேயும் முதலில்.

கழற்றுவதற்கு முன் டேஷ்போர்டின் மேற்பரப்பையும் பாருங்கள். கண்ணாடியை ஒட்டி நாணய அளவில் ஒரு கருப்புக் குமிழ் இருந்தால் அது வெயிலை உணரும் சென்சார். பிள்ளையார் சிலையோ, டிஷ்யூ பெட்டியோ, பூச்சரமோ அதை மறைத்தால், வெயில் இல்லை என்று நினைத்து ஆட்டோ நிலையில் புளோவர் மெதுவாக ஓடும். பிள்ளையாரைக் கொஞ்சம் நகர்த்தி உட்கார வைத்தால் போதும்.

வேலை முடிந்த பிறகு நான்கு வேகத்துக்கும் ஆம்பியரை அளந்து, ஒரு மாஸ்கிங் டேப்பில் தேதியோடு எழுதி, கிளவ் பாக்ஸின் உட்புறம் ஒட்டிவிடச் சொல்லுங்கள். அடுத்த முறை ஃபில்டர் மாற்றும்போது மீண்டும் அளந்து ஒப்பிட்டால், மோட்டார் இறுகத் தொடங்கியதை ரெசிஸ்டர் எரிவதற்கு முன்பே அந்த எண்கள் காட்டிக்கொடுக்கும்.