திருச்செந்தூருக்கும் தெற்கே

மழைக்காலத்தில் ஆளைக் கரை தாண்ட விடாத அய்யனார் கோவில் ஆறு, மே மாதம் பெரும்பாலும் பாறையாகத்தான் கிடக்கும். அதனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் பள்ளிக்கூட லீவு விட்டதும் நினைப்பு கடல் பக்கம் திரும்பிவிடும். அன்று கடல் என்றால் திருச்செந்தூர்தான். சங்கரன்கோவில், திருநெல்வேலி வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர்.

போக ஒரு முகாந்திரம் வேண்டும்: மொட்டை, காதுகுத்து, நேர்த்திக்கடன். "சும்மா ஊர் பார்க்கப் போறோம்" என்று புருஷனும் பொண்டாட்டியும் மட்டும் கிளம்பினால் தெருவே விசாரிக்கும். எங்கள் அத்தை கல்யாணமான முதல் கோடையில் போனபோது மாமியார், நாத்தனார், பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே கூட வந்தது. பஸ்ஸில் அத்தை முன்னால் பெண்கள் சீட்டில், மடியில் புளியோதரைத் தூக்குவாளி. மாமா பின்படிக்கட்டுப் பக்கம் நின்றபடி. "போயிட்டு வர்ற வரைக்கும் உங்க மாமாகூட நாலு வார்த்தை பேசியிருந்தா அதிகம்" என்பார். கடலாடி, நாழிக்கிணற்று நல்ல தண்ணீரைத் தலைக்கு ஊற்றி, தரிசனம் முடித்து, உடன்குடிக் கருப்பட்டியோடு அதே வழியில் திரும்பினார்கள். அந்த உடன்குடி எந்தத் திசையில் இருக்கிறது என்று அத்தைக்கு யாரும் காட்டவில்லை.

இந்தக் கோடையில் என் தம்பியும் அவன் மனைவியும் இரண்டு பேராக, ஒரு வேண்டுதலும் இல்லாமல், விடியுமுன் காரை எடுத்தார்கள். சங்கரன்கோவில் தாண்டியதும் ஸ்டியரிங் அவள் கையில். எங்கே நிறுத்துவது என்பதும் அவள் முடிவு. கோயிலை மட்டும் குறிவைத்துப் போன காலத்தில் பஸ் போர்டில் வாசித்ததோடு விட்ட ஊர்களெல்லாம் இப்போது இறங்கிப் பார்க்கும் ஊர்களாகிவிட்டன.

கொற்கையில் நிறுத்தினார்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று படித்த இடத்தில் வாழையும் வயலும்தான் இருக்கின்றன. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அடுத்து மார்க்கோ போலோ எழுதிவைத்த காயல். திருச்செந்தூரில் கும்பிட்டுவிட்டு, அத்தை திரும்பிய இடத்திலிருந்து இவர்கள் தெற்கே போனார்கள்.

மணப்பாடுதான் அவளை உட்கார வைத்துவிட்டது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேடு, அதன் உச்சியில் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். உடைந்த கப்பலின் பாய்மரத்தில் செய்த சிலுவையிலிருந்து தொடங்கியது என்கிறார்கள். 1542இல் வந்த சவேரியார் தங்கிய குகை மேட்டுக்குக் கீழே, கடலைப் பார்த்தபடி. உப்புக்காற்று ஆலயச் சுவரைத் தின்றுகொண்டே இருக்கிறது. தொட்டால் கையில் மாவாக ஒட்டும். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "உக்காருங்க தாயி, வெயில் தாழட்டும்" என்றாராம். இரண்டு பேரும் சாயங்காலம் வரை அங்கேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

போட்டோவைப் பார்த்த அத்தை கேட்டது ஒன்றுதான்: "திருச்செந்தூர்லேர்ந்து எவ்வளவு தூரம்?" இருபது கிலோமீட்டருக்குள் என்றேன். "அவ்வளவு பக்கத்துலயா இருந்துச்சு?"

இழப்பும் உண்டு. சத்திரத்துத் திண்ணையில் முன்பின் தெரியாதவர்களோடு இலை பகிர்ந்த சாப்பாடு, போனில் பதிவு செய்த அறையில் கிடைக்காது. கார் இல்லாத வீட்டில் இன்றும் அதே பஸ், அவள் முன்னால், அவன் பின்னால். ஆனாலும் எனக்குத் தயக்கமில்லை: மனைவி சோற்று வாளியைச் சுமப்பவளாக இல்லாமல் ஊரைப் பார்ப்பவளாகப் போவது பெரிய மாற்றம். அதற்கு இத்தனை காலம் ஆனதுதான் வருத்தம்.

திரும்பும் வழியில் குலசேகரன்பட்டினம். தசராவுக்கு மட்டும் நாம் அறிந்த ஊர். முன்பு இங்கே பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலையும் ஒரு குட்டி ரயிலும் இருந்தன. 1940 வாக்கில் ரயில் நின்று தண்டவாளமும் போய்விட்டது. 2024 பிப்ரவரியில் இஸ்ரோ ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தளம் எழுந்தபின் இந்தக் கரையில் எங்கெங்கே காரை நிறுத்த விடுவார்களோ. மணப்பாட்டுக்குப் போக நினைப்பவர்கள் அடுத்த கோடைவரை தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் அத்தை மாமா இருந்தால் பின்சீட்டில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள்.